அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, மகளோ வேறு படிப்பு கேட்கிறாள்

கேள்வி:

ஐயா, நாங்கள் சாத்தூர் பக்கம். என் வீட்டுக்காரர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவர் பத்தாவது, நான் பன்னிரண்டாவது. ஒரே மகள். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழியில் படித்தாள். இப்போது பன்னிரண்டாவதில் கணக்கு 82, இயற்பியல் 78, வேதியியல் 85. நாங்கள் பி.சி.

பரீட்சை முடிந்த கையோடு என் நாத்தனார் வீட்டுக்காரர் எங்களை அழைத்துப்போய், பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டவைத்தார். பத்தாவது அசல் மார்க் ஷீட்டையும் அங்கே வாங்கிக்கொண்டார்கள். கல்லூரி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். மகளோ கவுன்சிலிங்கில் போய் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) தான் படிப்பேன் என்கிறாள். "கரண்டு வேலை என்னோடு போகட்டும். கையில் வார்னிஷ் நாற்றத்தோடு நான் பட்டது போதும்" என்கிறார் இவர். பத்து நாளாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை.

கவுன்சிலிங் போனால் கட்டிய பணம் போய்விடுமா? பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றையும் அவர்களே போட்டுத் தருவதாக 2,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிக்காத நாங்கள் போய் என்னத்தைப் பார்ப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் என் மனத்தில் நிற்கிறது. அதற்குத்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன். ஆனால் நாள் தவறினால் கைநழுவிப்போகிற காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

கணக்கில் 82 முழுதாக, இயற்பியலில் பாதி 39, வேதியியலில் பாதி 42.5. ஆக, 200-க்கு 163.5. இதுதான் உங்கள் மகளின் கட்ஆஃப். தலைகுனிய வேண்டிய எண் இல்லை இது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கவுன்சிலிங்கில் ட்ரிபிள் ஈ பாடத்துக்குக் கல்லூரிகளைத் தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணில் இடம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த இடம். பதிவு மே, ஜூனோடு முடிந்துவிடும். இந்த ஆண்டின் கடைசித் தேதியை இயக்ககத்தின் இணையதளத்தில் இன்றே பார்த்துப் பதிவை முடியுங்கள். உங்கள் வகுப்பினருக்குக் கட்டணம் 500 ரூபாய். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியவர்கள் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. பத்தாவது அசல் கையில் இல்லையே என்று நிற்க வேண்டாம். பதிவுக்குச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான் முறை. அரசின் டிஜிலாக்கர் செயலியிலிருந்து மார்க் ஷீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உங்களை அழைத்துப்போனவர் சொல்லாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் பன்னிரண்டாவது, உங்கள் வீட்டுக்காரர் பத்தாவது, பிள்ளை ஒன்றே ஒன்று. உங்கள் மகள் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தரும். அந்தச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது போய்விடும், அதுவும் ஒரு வருடத்துக்கு அல்ல, நாலு வருடத்துக்கும். அதோடு, கவுன்சிலிங் இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு வைத்த கட்டணம் மேனேஜ்மென்ட் இடங்களுக்கு உள்ளதைவிடக் குறைவு. நீங்கள் 25,000 ரூபாயைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். அந்த 25,000-த்தைக் காப்பாற்ற அங்கேயே சேர்த்தால் நாலு வருடத்தில் அதைப்போலப் பல மடங்கு கையை விட்டுப் போகும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது வர நாளாகும், அதனால் நாளைக்கே போங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிக்குப் பொருந்தாது. ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இப்போது உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். பஸ் செலவுக்காவது ஆகும்.

இனி அந்த அட்வான்ஸ். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி, வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகும் மாணவரின் பணத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. விதி இப்படி. நடைமுறையில் ரசீது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரசீது இருந்தால் அதன் நகலோடு, "எங்கள் மகள் சேரவில்லை, பணத்தையும் சான்றிதழையும் திருப்பித் தாருங்கள்" என்று முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால், வாங்கியவரிடமே உறவினரை முன்னால் வைத்து எழுத்தில் கேளுங்கள். முதலில் சான்றிதழைக் கேளுங்கள், பிறகு பணத்தை. சான்றிதழ் வந்துவிட்டால் உங்களுக்கு அவர்கள்மேல் உள்ள பயம் பாதி போய்விடும். தரவில்லையென்றால் திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஒரு குடும்பம் எழுத்தில் கேட்கத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் பல இடங்களில் மார்க் ஷீட் வீடு தேடி வந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒருவேளை அந்தப் பணம் வரவே இல்லையென்றாலும், போன 25,000-க்காக நாலு வருடத்தைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் முப்பது வருடம் ட்ரிபிள் ஈ பாடம் நடத்தியவன். ஓய்வுக்கு முன் சில ஆண்டுகள் கவுன்சிலிங் உதவி மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் மகளின் பக்கம் என் மனம் கொஞ்சம் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது வேறு. சீட்டை நாத்தனார் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டர் பார்க்கப்போகிறது. கல்லூரி எப்படி என்பதைப் பஸ் வரும் தெருமுனை தீர்மானித்திருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கிற மூன்று பேரும் இதுவரை எதையும் பார்க்கவில்லை. படிக்காத நாங்கள் என்னத்தைப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள். அம்மா, ஒரு மோட்டார் ஓடுகிற மோட்டாரா, கிடக்கிற மோட்டாரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார். ட்ரிபிள் ஈ துறையைச் சோதிக்க அதைவிடப் பெரிய படிப்பு என்ன வேண்டும்?

கல்லூரிக்குப் போனால் வரவேற்பறையில் உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, வண்ணப் புத்தகம் ஒன்றைக் கையில் தருவார்கள். ஏ.சி. போட்ட கருத்தரங்கக் கூடத்தைக் காட்டுவார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு, "மெஷின்ஸ் லேப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். மின் இயந்திர ஆய்வகம் அது. இன்றைக்கு முடியாது, சாவி இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். திறந்து காட்டினால் உங்கள் வீட்டுக்காரரை முன்னால் விடுங்கள். எதையும் தொட வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். டி.சி. மோட்டாரில் பிரஷ் உரசுகிற செப்பு உருளையான கம்யூட்டேட்டர், மாணவர் கை படுகிற மோட்டாரில் சீரான பழுப்பு நிறத்தில் மினுங்கும். வருடக்கணக்காக ஓடாதது மங்கிக் கறுத்திருக்கும், சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். இதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டெர்மினல் போர்டில் நட்டுகள் மாட்டிக் கழற்றித் தேய்ந்திருக்கின்றனவா, கடையில் வாங்கி வந்த நாளின் பளபளப்போடு நிற்கின்றனவா? லோடு டெஸ்ட் செய்யும் பிரேக் டிரம்மில் பெல்ட் உரசிய தடம் இருக்கிறதா? டிரம் சூடாகாமல் இருக்க உள்ளே தண்ணீர் ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் சிந்திய கறை தரையில் இருக்கும். தரை துடைத்துவைத்த கண்ணாடிபோல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ரியோஸ்டாட், அம்மீட்டர்களில் எத்தனை வேலை செய்கின்றன என்று ஆய்வக உதவியாளரிடம் தன்மையாகக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். உங்கள் வீட்டுக்காரரைப் போலவே அவரும் ஒரு கைத்தொழில்காரர்.

அங்கேயே இன்னொரு கேள்வி: ஒரு மோட்டாருக்கு எத்தனை மாணவர்? மூன்று நாலு பேர் என்றால் எல்லோர் கையும் படும். பத்துப் பேர் என்றால் இரண்டு பேர் ஒயர் மாட்டுவார்கள், எட்டுப் பேர் ரீடிங்கைப் பார்த்து எழுதுவார்கள். அந்த எட்டுப் பேரில் பெண் பிள்ளைகள் அதிகம் இருப்பார்கள். நீ எழுது, நான் மாட்டுகிறேன் என்று பையன்கள் முன்னால் போய்விடுவார்கள். இதை எத்தனையோ முறை என் ஆய்வகத்தில் மாற்றி உட்காரவைத்திருக்கிறேன். அதை மாற்றுகிற ஆசிரியர் இருக்கிற இடத்துக்கு உங்கள் மகள் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆய்வகத்தை அவர் பார்க்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. துறைக் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறை எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, கதவு தாழ்ப்பாள் போடுகிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். முகப்பில் உள்ளதை அல்ல, மாணவிகள் தினமும் போகிறதை. விடுதி வேண்டியிருக்கும் கல்லூரியானால் மாலையில் போங்கள். வார்டன் அங்கேயே தங்குகிறாரா, இரவில் உடம்பு சரியில்லை என்றால் யார் கூட்டிப்போவார்கள், மாதம் எவ்வளவு மெஸ் பில் வருகிறது என்று விடுதிப் பெண்களிடமே கேளுங்கள். சாதத்தைப் பற்றி எல்லாப் பிள்ளைகளும் குறைதான் சொல்லும். அதை விட்டுவிடலாம். பயத்தைப் பற்றி யாராவது சொன்னால் விட வேண்டாம்.

மகளைத் தனியாக விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் எந்த மாணவியும் வாய் திறக்க மாட்டாள். போன வருடம் எத்தனை ஆசிரியர் வேலையை விட்டுப் போனார்கள், ஒரே பாடத்துக்கு நடுவில் ஆள் மாறினார்களா, அரியர் வைத்தால் என்ன செய்வார்கள், தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் செமஸ்டரை எப்படித் தாண்டினார்கள். இந்த நாலைக் கேட்டு வரச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி அவளுக்கு மிக முக்கியம். ஜூனில் பல கல்லூரிகளில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். அப்படியானால் வாசலில் இருக்கும் டீக்கடையிலும், கோவில்பட்டியிலோ மதுரையிலோ உங்கள் சொந்தபந்தத்திலும் அங்கே படிக்கும் பிள்ளை யாராவது கிடைப்பார்கள். போனில் பேசினாலும் போதும். எத்தனை கல்லூரி பார்க்க முடியும்? மூன்று போதும், நீங்கள் அட்வான்ஸ் கட்டிய கல்லூரியையும் சேர்த்து. அதையும் இதே கண்ணால் பாருங்கள். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கக்கூடியவையும் சில உண்டு. என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் என்பது கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதல்ல, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குத் தருவது. "எங்களுக்கு என்.பி.ஏ. உண்டு" என்றால், ட்ரிபிள் ஈ-க்கு உண்டா, எந்த வருடம் வரை என்று கேட்க வேண்டும். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடுகிறது. அதில் கல்லூரியைத் தேடிப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே கேள்வித்தாள் எடுத்துத் தானே திருத்துகிறது. ஆகவே அதன் தேர்ச்சி விகிதத்தை இதோடு ஒப்பிட முடியாது. கல்லூரியின் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். துறையில் போய் அந்தப் பெயர்களில் இரண்டு பேரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருந்தது 2024-ல் வெளிவந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். அது ஒரு பிள்ளையின் கதை. "போன வருடம் ட்ரிபிள் ஈ-யில் படித்து முடித்தவர் எத்தனை பேர், அதில் வேலை கிடைத்தவர் எத்தனை பேர், நடுவாந்தரமான சம்பளம் எவ்வளவு" என்று கேளுங்கள். ஒரு மாணவருக்கு மூன்று கம்பெனி கிடைத்தால் மூன்று என்று எண்ணிக் காட்டுவதும் உண்டு. ஆளை எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் மின்சாரத்தை வெறுக்கவில்லை. தன் மகள் தன் கடையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயப்படுகிறார். வார்னிஷ் நாற்றத்தோடு சாப்பாட்டில் கை வைத்தவருக்கு அந்தப் பயம் வரும். அவரிடம் நான் ஒன்று கேட்கிறேன். இப்போது கடைக்குப் பி.எல்.டி.சி. என்கிற, பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த மின்விசிறி ரிப்பேருக்கு வருகிறதல்லவா? பிரித்துப் பார்த்தால் கம்பிச் சுருள் நன்றாகத்தான் இருக்கும், போர்டுதான் போயிருக்கும். கம்பெனி போர்டு வரும்வரை அவர் கையில் ஒன்றும் இல்லை. எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டாரும் அப்படித்தான், மில்லில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவும் அப்படித்தான். அந்தப் போர்டில் என்ன நடக்கிறது என்பதுதான் அவள் படிக்கப்போகும் பாடம். பவர் எலக்ட்ரானிக்ஸ் என்றும், டிரைவ்ஸ் என்றும் மூன்றாம் வருடத்தில் வரும். கயத்தாறு பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பார். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அவற்றின் மின்சாரத்தை வாங்கி அனுப்புகிற துணைமின் நிலையங்கள் நம் மாவட்டங்களில்தான் இருக்கின்றன. மின்வாரியத்தின் மின் பிரிவு உதவிப் பொறியாளர் வேலைக்கு ட்ரிபிள் ஈ படித்தவர் விண்ணப்பிக்கலாம்.  சாப்ட்வேர் கம்பெனிகளோ வளாகத் தேர்வில் எல்லாத் துறைப் பிள்ளைகளையும் எடுக்கின்றன. இதற்குமேல் பெரிதாக ஆசைகாட்ட மாட்டேன். மின் துறைக் கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளம் பல நேரம் குறைவாகத்தான் இருக்கும், அனுபவம் ஏற ஏறத்தான் கூடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. விருப்பத்தோடு படிக்கிறவருக்கு அது பெரிய கதவு. ஆனால் 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரி ஒரு பாடத்தில் இவ்வளவு இடம்தான் வைக்கலாம் என்ற வரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. எத்தனையோ இடங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுகள் பெருகிவிட்டன. அத்தனை பிரிவுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்காமல், பெயரை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைச் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. விருப்பமில்லாமல் உட்கார்ந்து, மூன்றாம் செமஸ்டரில் நாலு அரியரோடு என் அறை வாசலில் நின்ற பிள்ளைகளின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அவர்களில் பலர் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

மகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஆசை மட்டும் போதாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ட்ரிபிள் ஈ பாடத்திட்டத்தை எடுத்து எட்டு செமஸ்டரையும் அவள் படிக்க வேண்டும். அதில் கணக்கு நிறைய. மின்காந்தப் புலம் என்று ஒரு பாடம் வரும், நல்ல மாணவர்களையே திணறவைக்கும். அதைப் பார்த்த பிறகும் வேண்டும் என்கிறாளா? ஏன் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அப்பாவிடம் கொடுக்கட்டும். பேசாமல் இருப்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பது சுலபம்.

பிரவுசிங் சென்டருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே அவசரத்துக்குச் சென்டர்காரரின் கைபேசி எண்ணையே கொடுத்துவிடுவார்கள். ஓ.டி.பி. அவருக்குப் போகும், பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். ஒதுக்கீடு வரும் நாளில் அவர் கடை பூட்டியிருந்தால் உங்கள் மகள் வாசலில் நிற்க வேண்டும். உதவி மையத்தில் இருந்தபோது இப்படி அழுதுகொண்டு வந்த ஒரு பையனை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்குக் கெடு முடிந்திருந்தது. எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் மகளுடையதாக இருக்கட்டும். கவுன்சிலிங் உதவி மையங்கள் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. உதவிக்கு அங்கே காசு இல்லை. பதிவிலிருந்து விருப்பப் பட்டியல் வரைக்கும் கணினியில் உட்காரவைத்துச் செய்துதருவார்கள்.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். வரிசைதான் உயிர். கணினி உங்கள் மகளின் முறை வரும்போது அவள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். காலியாக இருக்கிற முதல் இடத்தைத் தரும். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. மேலே உள்ளது இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே மதுரை தியாகராசர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி, காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வளாகங்கள் என்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் பிடித்த வரிசையில் தயங்காமல் மேலே எழுதட்டும். நடுவில் எட்டக்கூடியவை. கீழே, கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றுகிறவை. ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்கிற ஒரு கல்லூரிகூட அதில் இருக்கக் கூடாது. கிடைக்குமா என்று பார்க்க, முந்தைய ஆண்டுகளின் விவரம் இயக்ககத்தின் தளத்தில் கல்லூரி வாரியாக, வகுப்பு வாரியாக இருக்கிறது. கட்ஆஃபை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கேள்வித்தாள் எளிதான வருடத்தில் எல்லோர் மதிப்பெண்ணும் ஏறிவிடும். தரவரிசை எண் வந்ததும் அந்த எண்ணைப் போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள், அதுதான் சரியாக வரும்.

பட்டியல் போட மூன்று நாள், தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதிசெய்ய இரண்டு நாள். அந்த இரண்டு நாளில்தான் பலர் தவறுகிறார்கள். "ஏற்கிறேன், சேர்கிறேன்" என்பது ஒன்று. "இதை ஏற்கிறேன், மேலே உள்ளது காலியானால் அதைக் கொடு" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சொன்ன நாளுக்குள் பணம் கட்டி ஆஜராக வேண்டும். கையில் உள்ளதை இழக்காமல் மேலே பார்க்க இரண்டாவதுதான் வழி. உறுதிசெய்யாமல் விட்டால் அந்த இடம் போய்விடும். அந்த நாட்களில் கல்யாணம், திருவிழா என்று எங்கும் போக வேண்டாம்.

பணக் கணக்கை மகளிடம் மறைக்காதீர்கள். ஒரு மாலை மூவரும் உட்கார்ந்து, கடை வருமானம் இவ்வளவு, நகை இவ்வளவு, கடன் இவ்வளவு என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் கல்விக் கட்டணம், பஸ் அல்லது விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் என்று நாலு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். வாசலுக்கு வரும் பஸ் இலவசமில்லை, அதன் வருடக் கட்டணத்தைக் கேட்டால் சில நேரம் அரசுக் கல்லூரியின் விடுதிச் செலவோடு பக்கத்தில் வந்து நிற்கும். கல்விக் கடன் 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தருவது வங்கிகளின் நடைமுறை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளை பட்டியலை எழுதும்போது தானாகவே கணக்குப் பார்க்கும். தெரியாத பிள்ளை சண்டைதான் போடும்.

பட்டியல் எழுதும் நாளில் ஒரு தாளை எடுத்து, நீங்களும் அவரும் தனித்தனியாக ஒரு பட்டியல் எழுதுங்கள். மகளும் எழுதட்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். கோபம் வந்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். கடைசியில் கணினியில் ஏறுவது அவள் கையால் எழுதிய வரிசையாக இருக்கட்டும். நாலு வருடம் காலையில் எழுந்து போகப்போகிறவள் அவள்.

வருகிற வாரம் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு மூவரும் திருநெல்வேலி போய் வாருங்கள். சாத்தூரிலிருந்து ரயிலில் காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம். மெஷின்ஸ் லேபில் அவர் மோட்டாரைப் பார்த்து ஏதாவது சொல்லுவார். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அதை மகளிடம்தான் சொல்லுவார் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்த நேரம் பார்த்துக் கழிப்பறை பார்க்கப் போய்விடுங்கள்.

மார்க் ஷீட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.